பூனைமூலை வைரவர்

அத்தியாயம் பதினொன்று

யோகத்துக்குக் கேட்கிற குரல் மெய்தான் என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. பிரமை என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை. கேட்டதைக் கேட்டபடி சொல்லிக்கொண்டு போகிறேன். மிச்சம் உங்கள் பாடு.

இன்றைக்குத்தான் கதைக்குள் காலடி வைக்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் மைன் ஆற்றங்கரையில், வூர்ஸ்பேர்க்கிலிருந்து பஸ் பிடித்துப் போகவேண்டிய ஒரு வைன் ஊர். அங்கே முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறவள் யோகம். அவள் புருஷன் கனகலிங்கம் அடுத்தவர் தோட்டங்களில் திராட்சைக் கொடி வெட்டப் போனவர். ஊரில் ஒருவரும் ஏறெடுத்தும் பார்க்காத ஒரு சரிவுத் துண்டைத் தனக்கென்று வாங்கினார். பூனை படுத்தெழும்பத்தான் காணும் என்று ஊரார் அதைப் பூனைமூலை என்பார்கள். முள்ளும் பற்றையுமாய்க் கிடந்ததைத் துப்புரவாக்கி, சில்வானர் என்கிற வெள்ளைத் திராட்சைக் கொடி நட்டு வளர்த்தார். போன வருஷம் அறுவடை முடிந்து கொஞ்ச நாளில், அதே கொடிகளுக்கு நடுவே, மதிலில் முதுகைச் சாய்த்தபடி செத்துப்போய் இருந்தார்.

அவர் கடைசியாக அறுத்த பழத்தில் மகள் ஆதிரை வடித்த வெள்ளை வைன்தான் இப்போது ஊரைக் கலக்குகிறது. ஈரச் சுண்ணாம்புக்கல்லும் பச்சைப் பேரிக்காயும் மணக்கிறது, இப்படி ஒரு சில்வானர் குடித்ததில்லை என்று வைன் தெரிந்தவர்கள் எழுதினார்கள். அவர்கள் எழுதாமல் விட்ட ஒன்றும் உண்டு. குடித்தவர்கள் ஒருவருக்கும் கிளாஸைக் கீழே வைக்கத் தெரிவதில்லை. மேசையில் வைப்பார்கள், எடுப்பார்கள். யன்னலடியில் வைப்பார்கள், எடுப்பார்கள். மியூனிக்கிலிருந்து வந்த பெரிய உணவகக்காரர் கிளாஸைப் பிடித்தபடி கார் வரைக்கும் போய், திரும்பி வந்து ஆதிரையின் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். அவள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். யோகத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் இலை பழுக்கத் தொடங்கினதிலிருந்து, பூனைமூலைக்குப் போகும்போதெல்லாம் கல்லுச் சரிவில் ஆரோ பாரம் சுமந்து நடக்கிற சத்தம் அவளுக்குக் கேட்கிறது. சில நாள் மேல் பக்கமும் கீழ்ப் பக்கமும் ஒரே நேரத்தில் கேட்கும். பிறகு அந்தக் குரல்.

“யோகம், இதை எங்கை வைக்கிறது?”

கனகலிங்கத்தின் குரல். உயிரோடு இருந்தபோதும் மனுஷன் இதைத்தான் கேட்பார். கடைக்குப் போய் வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு வாசலிலேயே நிற்பார். குடைக்கு இடம் கேட்பார், கதவுத் திறப்புக் கோர்வைக்கு இடம் கேட்பார். என்ரை தலையிலை வையுங்கோ என்று அவள் எரிந்து விழுவாள். இப்போது அப்படிச் சொல்ல வாய் வருமா?

இன்று அவருடைய முதல் வருஷத்து ஆட்டைத் திவசம். இன்றைக்கென்று பார்த்து, எல்லைக்கல் பார்க்க ஊரில் நாள் குறித்த ரெர்மினும் வந்து சேர்ந்திருந்தது.

*

காலையிலிருந்து ஒரே பனிமூட்டம். ஆறு தெரியவில்லை, தேவாலயக் கோபுரம் தெரியவில்லை, எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை. யோகம் விளக்கைப் போட்டுக்கொண்டு சமைத்தாள். ஹம் நகரத்துக் கோயிலிலிருந்து வருவதாக இருந்த ஐயர், ரயில் ஓடவில்லை, கைபேசியில் மந்திரம் சொல்லுகிறேன், மகன் பார்த்துச் செய்யட்டும் என்றுவிட்டார். மகன் சாருஜன் முதல் நாளே மியூனிக்கிலிருந்து வந்திருந்தான். கார் கொம்பனியில் எஞ்சினியர். எதையும் கணக்குப் பார்த்துத்தான் பேசுவான்.

ஆதிரை நிலைகொள்ளாமல் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தாள். வேலை பார்த்த வைன் பண்ணையிலிருந்து விலகி, இனிப் பூனைமூலைதான் தன் பிழைப்பு என்று இறங்கியிருந்தவள் அவள். மியூனிக் உணவகக்காரர் இனிமேல் வருகிற ஒவ்வொரு வருஷத்து வைனையும் தானே எடுப்பதாகச் சொல்லியிருந்தார். அந்த வைன் முழுக்க மதிலோரத்துக் கீழ் வரிசைகளின் பழத்தில் வந்தது. மேல் வரிசைப் பழத்தில் தனியே வடித்துப் பார்த்தாள், வெறும் புளித்தண்ணி. கீழ் வரிசைகள் போனால் அவளுக்கு மிஞ்சுவது உண்மையிலேயே பூனை படுக்கிற இடம்தான்.

அதைத்தான் இன்றைக்குத் தீர்மானிக்கப் போகிறார்கள். பூனைமூலைக்கு மேலும் கீழும் உள்ள தோட்டம் டோர்ஷ் என்பவருடையது, மரியாதைக்கு ஹெர் டோர்ஷ் என்பார்கள். அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த வைன் மேல் துண்டில், பூனைமூலையின் மேல் ஓரத்தில் நிற்கிற வால்நட் மரத்துக்கு மேலே உள்ள வரிசைகளில் விளைகிறது. கீழ்த் துண்டைப் பற்றையாய்ப் போட்டிருந்தார். இப்போது அவருக்கும் வயது போய்விட்டது; பின்னாலே பிள்ளைகளுக்குள் சண்டை வரக்கூடாது, எல்லை எதுவென்று பார்த்துவிடுவோம் என்றார். கெட்ட மனுஷன் என்று சொல்ல மாட்டேன். கனகலிங்கத்தின் சவப்பெட்டிக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கடைசிவரை நின்றவர்.

அந்தச் சரிவை யாரும் புதிதாக அளந்ததில்லை. பழைய வரைபடத்தில் எல்லைக் கோடே ஒரு கொடி வரிசையளவு தடிப்பு. அதனால் ஸீபனர்கள் வருகிறார்கள். ஊரின் எல்லைக்கற்களைப் பார்த்துக்கொள்ளச் சத்தியம் செய்துகொடுத்த ஏழு பேர். கல்லை நடுவதும் தொடுவதும் அவர்கள் மட்டும்தான். ஒவ்வொரு கல்லுக்கு அடியிலும் இரகசியமாய் ஒரு பொருளைப் புதைப்பார்கள். அதற்குச் சாட்சி என்று பெயர். என்ன பொருள் என்று பெண்சாதி பிள்ளைக்கும் சொல்ல மாட்டார்கள். கல்லை ஆராவது அசைத்தாலும் சாட்சி நிலத்துக்குள்ளேயே கிடக்கும். ஆனால் கல் நின்ற இடம் தெரியாவிட்டால் சரிவு முழுக்கத் தோண்டவா முடியும்? கல்லும் இல்லை, சாட்சியும் இல்லை என்றால் கீழ் மதிலையே எல்லையாக எடுப்பார்கள். கீழ் வரிசைகள் ஆதிரைக்கு.

அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துச் சாருஜன் சமையலறைக் கதவைச் சாத்தினான்.

“அம்மா, எங்கடை வைரவர் எங்கையிருந்து வந்தவர்?”

யோகம் எண்ணெய்க்குள் வடையைத் திருப்பினாள். திருப்பின வடையையே மறுபடியும் திருப்பினாள்.

பூனைமூலையின் மேல் மூலையில், வால்நட் மரத்துக்குக் கீழே, முழங்கால் உயரத்தில் ஒரு கல் நிற்கிறது. எண்ணெய் வைத்துக் கறுத்த கல். மூன்று கவர் உள்ள சூலம் அதில் செதுக்கியிருக்கும். பிள்ளைகள் நினைவு தெரிந்த நாளிலிருந்து அதுதான் வைரவர். கனகலிங்கம் கொடி வெட்டப் போகுமுன் அதன் முன்னால் கற்பூரம் கொளுத்துவார். அறுவடைக்கு யோகம் வடைமாலை கட்டிப் போடுவாள். சாருஜன் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறான். எல்லைக்கல் என்று குறித்த இடத்தில் அதே மூன்று கவர் அடையாளம் சின்னதாய்க் கீறியிருந்தது. அந்தக் காலத்தில் இந்த மலையை வைத்திருந்த கிறிஸ்தவ மடத்துக்காரரின் முத்திரையாம்.

யோகம் சொன்னாள். வேறு வழி? பற்றை வெட்டப் போன மனுஷன் முள்ளுக்குள்ளே நிமிர்ந்து நிற்கிற கல்லைக் கண்டார். மண்ணைத் தட்டிப் பார்த்தால் சூலம். அவருக்கு உடம்பெல்லாம் நடுங்கிப்போயிற்று. அகதியாய் வந்து, ஆற்றோரம் ஒரு துண்டு நிலம் வாங்கினால், அதற்குள்ளே வைரவர் காவல் நிற்கிறார் என்றால் ஆருக்குத்தான் நடுங்காது? காலடியில் கிடந்து மிதிபடக்கூடாதென்று கிண்டியெடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு மேலே ஏறி வந்தார். தேத்தண்ணிப் போத்தலோடு நின்ற யோகத்திடம் கேட்டார், இதை எங்கை வைக்கிறது என்று. வால்நட் மரத்துக்குக் கீழை வையுங்கோ, வைரவராய் இருக்கட்டும் என்று சொன்னது அவள்தான்.

பிறகு கல் நின்ற இடத்தையும் தாண்டி மதில் வரைக்கும் கொடி நட்டார்கள். டோர்ஷின் பற்றையையும் சேர்த்து வெட்டுகிறோம் என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

சாருஜன் அடுப்பைக் குறைத்துவிட்டான். பிறகு கணக்கைச் சொன்னான்.

“நீங்கள் பொய் சொல்லவேண்டாம் அம்மா. சும்மா இருந்தால் காணும். கும்பிடுற கல்லை அவையள் தொட மாட்டினம். ஆதியின்ரை பிழைப்பு உங்கடை வாயிலைதான் கிடக்கு.”

அதோடு விட்டிருக்கலாம். போகப் போனவன் கதவுப் பிடியில் கையை வைத்தபடி நின்றான். நேற்றுப் பொழுதுபடக் கல்லைப் படம் எடுக்கப் போனானாம். ஏதோ நினைப்பில் தலையைத் தொட்டானாம். கல் சுட்டதாம். அடுப்பால் இறக்கின சட்டி மாதிரி, அந்தக் குளிருக்குள்ளே. அதற்கு ஏதாவது காரணம் இருக்கும் என்றான். என்ன காரணம் என்று சொல்லவில்லை.

யோகம் தலையை ஆட்டினாள். பேச மாட்டேன் என்றுதான் அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம். அவளுக்குப் புருஷன் போய்விட்டார், மகள் இருக்கிறாள். மகளின் முகம்தான் அந்த நேரம் பெரிதாகத் தெரிந்தது.

*

மத்தியானம் படையல். இருப்பறையில் கனகலிங்கத்தின் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை. சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயாசம். ஆதிரை அந்த வைனில் ஒரு கிளாஸ் வார்த்து இலையின் வலப்பக்கத்தில் வைத்தாள். திவசத்தில் வைன் வைக்கலாமோ என்று யோகம் யோசித்தாள். மனுஷன் கடைசியாக உழைத்தது, வைக்காமல் விட்டால்தான் பாவம் என்று விட்டுவிட்டாள்.

படைத்த பிறகு கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பது அவர்கள் வீட்டு வழக்கம். வந்தவர் ஆறுதலாய் இருந்து சாப்பிடவேண்டும், பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது. மூன்று பேரும் சமையலறையில் நின்றார்கள். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. பிறகு சாருஜன் தேவாரத்தின் கடைசி அடியை முணுமுணுத்துவிட்டுக் கதவைத் திறந்தான்.

இலை போட்டபடியே இருந்தது. வைன் கிளாஸ் இலைப்பக்கம் இல்லை. அறையின் நடுவே, வெறும் நிலத்தில் நின்றது. ஒரு துளி குறையவில்லை.

முதலில் ஆதிரைதான் மற்றதைக் கண்டாள். தொலைக்காட்சி மேசையில் கிளாஸின் அடி வைத்த ஈர வட்டம் ஒன்று. யன்னல் விளிம்பில் ஒன்று. கதிரைக் கைப்பிடியில் ஒன்று. புத்தகத் தட்டில் ஒன்று. வைத்து வைத்துப் பார்த்து, ஓரிடமும் சரிவராமல், கடைசியில் நிலத்தில் விட்டுவிட்டுப் போன மாதிரி.

“அண்ணா, நீ உள்ளுக்குப் போனனியோ?” என்றாள் ஆதிரை.

அவன் சட்டைக் கையால் வட்டங்களை ஒவ்வொன்றாய்த் துடைத்தான். துடைக்கிறபோது அவன் முகம் வெளிறிக் கிடந்தது. கணக்கில் வராத ஒன்றைக் கண்டால் அழித்துவிடுவது அவனுக்குப் பழக்கம், பாவம்.

யன்னலைத் திறந்து யோகம் காகத்துக்குச் சோறு வைத்தாள். கூப்பிட்டாள். மேலும் கூப்பிட்டாள். பனிக்குள் ஒரு செட்டைச் சத்தம்கூட இல்லை. மற்ற நாளில் குப்பைத் தொட்டியைக் கிளறுகிற காகங்கள் எங்கே தொலைந்தனவோ தெரியவில்லை. காகம் எடுக்காத சோற்றைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் ஏலவில்லை. ஸீபனர்கள் வர நேரம் இருந்தது. சோற்றை இலைத்துண்டில் சுற்றிக்கொண்டு, நீங்கள் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, அவள் பூனைமூலைக்கு ஏறினாள்.

*

ஏறுகிற பாதையில் அவளுடைய கையே அவளுக்கு மங்கலாய்த்தான் தெரிந்தது. கொடிக் கம்புகள் கிட்ட வந்த பிறகுதான் கம்பு என்று தெரிந்தன. வால்நட் மரத்தடியில் வைரவர் நின்றார். கழுத்தில் நேற்றுப் போட்ட வடைமாலை. அவள் சோற்றை மரத்தடியில் விரித்துவிட்டு, கல்லைத் தொடலாமா என்று கையை நீட்டினாள். தொடாமலே வெக்கை கையில் பட்டது. கையை இழுத்துக்கொண்டாள்.

பின்னால் இருமல் கேட்டது. டோர்ஷ். பச்சைத் தொப்பி, கைத்தடி. அவரும் நேரத்தோடே வந்துவிட்டார். வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லையாம். இரண்டு பேரும் மதில் பக்கமாய் இறங்கி நின்று குளிரைப் பற்றிக் கதைத்தார்கள். யோகத்தின் ஜெர்மன் அந்த ஊர்க்காரரின் இழுவையோடுதான் வரும். டோர்ஷுக்கு அதைக் கேட்க எப்போதும் ஒரு சிரிப்பு.

அவர்தான் கதையை எடுத்தார். இப்படிப் பனி விழுகிற நாளில் தன்னுடைய தாய் பிள்ளைகளை வீட்டுக்குள்ளே வைத்துச் சொல்லுவாளாம். எல்லைக்கல்லை அசைத்தவன் செத்த பிறகும் அதைச் சுமக்கவேண்டுமாம். கல் தணலாய்ச் சுடுமாம். இறக்கி வைக்க இடம் தெரியாமல் பனிக்குள்ளே அலைவானாம். எங்கே வைப்பது, எங்கே வைப்பது என்று கேட்டபடியே இருப்பானாம். எடுத்த இடத்தில் வை என்று ஆராவது சொன்னால் அன்றோடு அவனுக்கு விடுதலை. ஆனால் அவனுடைய வீட்டு ஆள்தான் சொல்லவேண்டும். வேறு ஆர் சொன்னாலும் அவன் காதில் விழாது.

“அம்மா இதைத் தொடங்கினால் அப்பா சூப்பைப் பாதியில் விட்டுவிட்டு எழும்பிப் போய்விடுவார்,” என்று டோர்ஷ் சிரித்தார். “அவருக்குப் பேய்க்கதை பிடிக்காது.”

யோகம் மதிலைப் பிடித்துக்கொண்டாள்.

டோர்ஷ் கொஞ்சம் நின்று, காணாமல்போன எல்லைக்கல்லைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாதா என்று நேரேயே கேட்டார். கேள்வியில் குத்தல் இல்லை. அவள் எல்லோரும் வரட்டும் என்று மட்டும் சொன்னாள். அவர் தலையசைத்துவிட்டு, பனிக்குள் வழி தவறிவிடுவார்கள், ஸீபனர்களைக் கூட்டிவருகிறேன் என்று தெருப்பக்கம் இறங்கினார். நாலு எட்டு வைக்குமுன்னமே பனி அவரை மூடிவிட்டது.

யோகம் தனியே நின்றாள்.

மேலே, மரத்தடிப் பக்கம், கல் உராய்கிற சத்தம். பிறகு காலடி. சறுக்காமல் ஊன்றி ஊன்றி வைக்கிற அடி. இடது கால் கொஞ்சம் இழுபடும். அந்த இழுவையை அவள் ஆயிரம் பேருக்குள்ளும் கண்டுபிடிப்பாள். மூச்சு வாங்குகிறது. கொடிகளுக்கு நடுவே இறங்கி வருகிறது. ஒன்றும் தெரியவில்லை. பனி மட்டும் அந்த இடத்தில் வெக்கைக்கு இளகி விலகிக்கொண்டே வந்தது.

கிட்ட வந்து நின்றது.

“யோகம், இதை எங்கை வைக்கிறது?”

அந்தக் குரலில் இருந்த களைப்பை அவளால் தாங்க முடியவில்லை. ஒரு வருஷமாய். மழையிலும் பனியிலும். கும்பிட எடுத்த கல்லைச் சுமந்துகொண்டு, திருடன் மாதிரி. வைக்க இடம் சொன்னது அவள். அவள் சொன்ன இடத்தில் வைத்த பாவத்துக்கு மனுஷன் அலைகிறார்.

சொன்னால் கல் பழைய இடத்துக்குப் போகும். கீழ் வரிசைகள் போகும். ஆதிரை வேலையை விட்டது, இரவு பகலாய் நிலவறையில் கிடந்தது, அந்தப் பிள்ளையின் முகத்தில் தகப்பன் போன பிறகு முதல்தடவையாய் வந்த வெளிச்சம், எல்லாம் போகும். பேச மாட்டேன் என்று மகனுக்குத் தலையாட்டியும் ஆயிற்று. பெற்ற வயிறு ஒரு பக்கம் பற்றி எரிந்தது, தாலி கட்டினவரின் மூச்சு ஒரு பக்கம் இழுத்தது. யோகம் வாய்விட்டு அழுதாள்.

அழுதபடியே சொன்னாள்.

“இஞ்சேருங்கோ. எடுத்த இடத்திலையே வைச்சிடுங்கோ.”

ஒரு சத்தமும் இல்லை. பிறகு அவளுக்குப் பக்கத்தில், கீழ் வரிசைகளுக்குள், நிலத்தில் பாரம் இறங்கினது காலில் தெரிந்தது. அதற்குப் பின்னால் ஒரு நெடுமூச்சு. வேலையால் வந்து கதிரையில் சாய்கிறபோது அவர் சொல்லுகிற அதே ஒரு சொல்.

“அம்மாளே.”

வால்நட் மரத்தடியில் எங்கிருந்தோ ஒரு காகம் இறங்கிச் சோற்றைக் கொத்தத் தொடங்கியது.

*

ஏழு பேரும் வந்தார்கள், மண்வெட்டியும் கடப்பாரையுமாய். அவர்களோடு டோர்ஷும் ஆதிரையும் சாருஜனும். வந்தவர்கள் வணக்கம் சொல்லி முடிக்கவில்லை, யோகம் பேசிவிட்டாள். கல்லை எடுத்தது என் மனுஷன், சாமி என்று நினைத்து எடுத்தார், மரத்துக்குக் கீழே வைக்கச் சொன்னது நான், இப்போதும் அங்கேதான் இருக்கவேண்டும் என்று ஜெர்மனில் ஒரே மூச்சில் சொன்னாள். சாருஜன் கண்ணை மூடிக்கொண்டான். ஆதிரைக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினபோது அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

எல்லோரும் மரத்தடிக்குப் போனார்கள். கல் இல்லை. எண்ணெய் ஊறிக் கறுத்த பள்ளம் மட்டும்தான் இருந்தது.

“நான் எடுக்கேல்லை அம்மா,” என்றான் சாருஜன் மெல்ல. அவனைத்தான் ஒருவரும் கேட்கவில்லையே.

அப்போது கீழே நின்ற ஒருவர் கூப்பிட்டார். கீழ் வரிசைகளின் மேல் ஓரத்தில், கொடிக்கும் கொடிக்கும் நடுவே, வைரவர் நிமிர்ந்து நின்றார். சந்தனம், குங்குமம், கழுத்தில் வடைமாலை. சுற்றிவர மண் கிளறின அடையாளமே இல்லை. எத்தனையோ வருஷமாய் அங்கேயே நிற்கிற கல்லைப் போலப் புல் அடியோடு ஒட்டி வளர்ந்திருந்தது.

மூத்த ஸீபனர் எல்லோரையும் முதுகு காட்டி நிற்கச் சொன்னார். தோண்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது. மறுபடி மண் தள்ளுகிற சத்தம். திரும்பலாம் என்றபோது அவருடைய கையில் மண் இருந்தது, முகத்தில் இரத்தம் இல்லை.

“சாட்சி இருக்கிறது. கல் தன்னுடைய இடத்தில்தான் நிற்கிறது.”

அவ்வளவுதான். கீழ் வரிசைகள் டோர்ஷுக்குப் போயின. ஆதிரை ஈர நிலத்தில் அப்படியே குந்திவிட்டாள். அழவில்லை. தகப்பன் நட்ட கொடியின் அடிமரத்தைப் பிடித்தபடி இருந்தாள்.

“எனக்கு முதல்லையே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம் அம்மா.”

“சொல்லியிருந்தால் நீ என்னை விட்டிருக்க மாட்டாய் பிள்ளை,” என்றாள் யோகம். “அவராலை இனிச் சுமக்க ஏலாது.”

மகள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்குகிறது யோகத்துக்குக் கல்லுச் சுமக்கிறதைவிடப் பெரிய பாடாய் இருந்தது.

டோர்ஷ் தொப்பியைக் கழற்றிப் பிடித்திருந்தார். வென்ற மனுஷனின் முகம் இல்லை அது. கொடி உங்களுடைய உழைப்பு, பிறகு இருந்து பேசுவோம் என்று ஏதோ தொடங்கினார். முடிக்கவில்லை.

மேலே, வால்நட் மரத்துக்கும் அங்கால், அவருடைய பேர்போன வரிசைகளுக்குள்ளே, காலடி கேட்டது. கனத்த சப்பாத்து. கல்லுச் சரிவில் ஆரோ பாரம் சுமந்து நடக்கிறார்கள். இந்தத் தடவை யோகத்துக்கு மட்டும் கேட்கவில்லை. ஆதிரை நிலத்தை விட்டு எழும்பினாள். சாருஜன் தங்கையின் கையைப் பிடித்தான். ஏழு ஸீபனர்களில் ஒருவர்கூட மேலே பார்க்கவில்லை. ஏழு பேரும் நிலத்தைப் பார்த்தார்கள், இந்தச் சத்தத்தை அவர்கள் புதிதாகக் கேட்கவில்லை என்பது போல. மூத்தவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

இரண்டு பக்கமும் கேட்ட சத்தத்தில் ஒரு பக்கம்தான் தன்னுடைய மனுஷன் என்பது யோகத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

“ஹைனி,” என்றது குரல். வயது போன ஜெர்மன்காரரின் குரல். டோர்ஷைச் சின்ன வயதில் வீட்டில் கூப்பிட்ட பெயர் அது. “ஹைனி, இதை எங்கே வைப்பது?”

டோர்ஷ் தொப்பியைத் தலையில் வைத்தார். எடுத்தார். கைத்தடியில் மாட்டினார். திரும்பவும் எடுத்தார்.

“உங்களுடைய அப்பா உங்களைத்தான் கேட்கிறார், ஹெர் டோர்ஷ்,” என்றாள் யோகம். “நாங்கள் சொன்னால் அவருக்குக் கேட்காது.”

டோர்ஷ் தெருப்பக்கம் திரும்பி இறங்கத் தொடங்கினார், வேகமாய், கைத்தடி கல்லில் இடற இடற. எடுத்த இடத்தில் வை என்று சொன்னால் அந்தப் பேர்போன வரிசைகள் அவருடைய கையை விட்டுப் போகும். சூப்பைப் பாதியில் விட்டுவிட்டு எழும்பிப் போகிறவரின் பிள்ளை.

பாதித் தூரத்தில் குரல் மறுபடி கேட்டது. முன்னையைவிடக் கிட்டத்தில், முன்னையைவிடக் களைத்து.

டோர்ஷ் நின்றார். தொப்பி இன்னும் கையில்தான் இருந்தது.